கோவையில் சைக்கிள்: வண்டி வாங்குவதிலிருந்து பயந்தவரைப் பழக்குவது வரை

"இந்த டிராஃபிக்கில் சைக்கிளா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு ஓட்டப் பயமா, நிறுத்தப் பயமா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முக்கால்வாசிப் பேர், "நிறுத்தத்தானுங்க" என்பார்கள். பஸ் குறுக்கே வந்தால் என்ன செய்வது, நாய் துரத்தினால் என்ன செய்வது, சந்திப்பில் கால் எட்டாமல் சாய்ந்துவிட்டால் நாலு பேர் சிரிப்பார்களே என்பதுதான் உள்ளுக்குள் கவலை. பெடல் மிதிப்பதைப் பற்றி யாரும் வெசனப்படுவதில்லை. அதனால் வண்டி வாங்குவதானாலும், வழி பார்ப்பதானாலும், ஒருவரைப் பழக்கிவிடுவதானாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: நினைத்த இடத்தில் நிறுத்தி இறங்க முடிகிறதா?

குடியிருப்பது வடவள்ளி. கணபதியில் ஒரு பம்பு கம்பெனியின் ஸ்டோரில் வேலை. பேரிங்கும் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்தே வயது ஐம்பதைத் தொட்டாயிற்று. மழை கொட்டாத நாளில் சைக்கிளில்தான் போய்வருகிறேன். ஒட்டுச் சட்டை போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஊட்டி மலை ஏறுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. சுடிதாரோ வேட்டியோ எதைக் கட்டியிருக்கிறோமோ அதோடு, டிபன் பாக்ஸை கேரியரில் வைத்து ஊருக்குள் நிம்மதியாகப் போய்வர நினைப்பவர்களுக்குத்தான் இது.

வண்டி

கடைக்குப் போகும் முன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பாருங்கள். பிள்ளை பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த சைக்கிள் அங்கே தூசி படிந்து நிற்கும். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் பிறகு மற்றவர்களுக்கும் விரிந்ததால், நம் பக்கத்தில் அந்த வண்டி இல்லாத வீதியே கிடையாது. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். கியர் இல்லை, ஆகவே கியர் கோளாறும் இல்லை. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு என்று ஊருக்குள் ஓட்டத் தேவையானவை அதில் இருக்கின்றன.

சைக்கிள் கடையில் கொடுத்து ஓவராயில் செய்யச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னாலே போதும், அவர்களுக்குப் புரியும்: வீலைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்து, பால்ரஸ் மாற்றிப் புது கிரீஸ் வைத்து, ரிம்மில் கோட்டம் எடுத்து, செயினைக் கழுவிக் கொடுப்பார்கள். கொடுப்பதற்கு முன் மூன்றை மட்டும் நீங்களே பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நகத்தால் கீறிப் பார்த்தால் வெடிப்பு தெரிகிறதா? தெரிந்தால் டயர், டியூப் இரண்டும் புதிது. பிரேக் கட்டை கல்லாக இறுகிப் பளபளக்கிறதா? அதுவும் புதிது. பெடல் தண்டைப் பிடித்து அக்கட்டயும் இக்கட்டயும் ஆட்டினால் 'டக் டக்' என்கிறதா? அதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல பேர் பார்க்க மாட்டார்கள்.

புதிதாக வாங்குவதென்றால் கடையில் கண்ணை முதலில் இழுப்பது தடித்த டயரும் முன்பக்க சஸ்பென்ஷனும் உள்ள கியர் வண்டிதான். பையன்களுக்கு அதுதான் வேண்டும். நமக்கு வேண்டாம். விலை குறைந்த வண்டியில் இருக்கும் சஸ்பென்ஷன் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். எடையைக் கூட்டும், மேட்டில் மிதிக்கிற பலத்தில் கொஞ்சத்தைத் தானே விழுங்கும். 18 கிலோ இரும்பை வடகோவைப் பாலத்தில் ஏற்றிப் பார்த்தால் தெரியும். அதைவிட ஒன்றரை அங்குல டயர் போட்ட சாதாரண வண்டி எவ்வளவோ மேல்.

கியர் தேவையா என்றால், ஒரே காரணத்துக்காகத் தேவை என்பேன்: எதிர்க்காற்று. அதற்கு அப்புறம் வருகிறேன். பின்பக்கம் மட்டும் ஆறோ ஏழோ கியர் இருந்தால் போதும். முன்பக்கமும் மூன்று பல்சக்கரம் வைத்து '21 கியர்' என்று விற்பது, தோசைக்கல் வாங்கப் போனவருக்குக் கூடவே பணியாரச் சட்டியும் கட்டிக் கொடுக்கிற மாதிரி.

உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். புதிதாகப் பழகுகிறவர் என்றால் சீட்டை முழுவதும் இறக்கியபோது இரண்டு பாதமும் தரையில் அழுத்தமாகப் படிய வேண்டும். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவருக்குக் கணக்கு வேறு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடங்கியிருக்கும். மூட்டு வலிக்கிறது என்று சைக்கிளை விற்றவர்களில் நிறையப் பேர் சீட்டை ஒரு சாண் தாழ வைத்து ஓட்டியவர்கள்தான்.

குறுக்குக் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிளை ஆம்பிளைகளும் தயங்காமல் வாங்கலாம். வேட்டியோடு காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அவசரத்துக்கு முன்பக்கமாகவே இறங்கி நிற்கலாம். எங்கள் வீதியில் எழுபது தாண்டிய அப்புச்சி ஒருவர் பேத்தியின் வண்டியில்தான் பால் சொசைட்டிக்குப் போகிறார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

செயின் கவர் முழுசாக மூடியிருக்கட்டும். பின் சக்கரத்தின் போக்ஸ் கம்பியை மறைக்கச் சேலை கார்டும் போட்டுக்கொள்ளுங்கள். துப்பட்டா உள்ளே போனால் வண்டி நிற்கிற விதமே வேறு. மட்கார்டு இல்லாத ஃபேஷன் வண்டியை மழைக்கு அடுத்த நாள் ஓட்டினால் பொடனி வரைக்கும் சேறு.

வால்வு இரண்டு விதம். பழைய வகையில் உள்ளே ரப்பர் வால்வு டியூப் இருக்கும். அது இற்றுப்போனால் பஞ்சர் ஆகாமலே காற்று இறங்கும். மாற்றச் சில்லறைதான் ஆகும். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலும் அடித்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே காற்று வேகமாக ஏறும், சைக்கிள் டியூப் தாங்காது. விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே பி.எஸ்.ஐ. கணக்கில் அச்சிட்டிருக்கும். வீட்டில் ஒரு கைப்பம்பு வைத்துக்கொள்வது உத்தமம். சைக்கிள் கனக்கிறது, வயசாகிவிட்டது என்று புலம்புகிறவர்களின் டயரை அமுக்கிப் பாருங்கள், பாதிப் பேருக்குக் காற்றுதான் இருக்காது.

வழி

பஸ் போகிற வழி வேறு, சைக்கிள் போகிற வழி வேறு. இது புரிந்தாலே ஊர் பாதி சின்னதாகிவிடும். எனக்கு மருதமலை ரோட்டில் கொஞ்ச தூரம், வேளாண் பல்கலைக்கழகம் தாண்டி லாலி ரோடு, அப்புறம் கௌலி பிரவுன் ரோட்டு மரநிழலில் ஆர்.எஸ்.புரம், வடகோவை, டாடாபாத், ரத்தினபுரி, கணபதி. அடிக்கடி சந்துக்குள் நுழைகிறேன். தூரம் கொஞ்சம் கூடும், நெஞ்சுப் படபடப்பு நிறையக் குறையும்.

முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். எங்கே பள்ளம், எந்தச் சாக்கடை மூடியின் கம்பி ரோட்டுக்கு இணையாக நீளவாக்கில் இருக்கிறது (டயர் அதில் இறங்கினால் குப்புறத்தான்), எங்கே வேகத்தடைக்குப் பெயின்ட் அழிந்துவிட்டது, எங்கே நிழலில் நின்று தண்ணீர் குடிக்கலாம் என்று மனசில் குறித்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களாக ஊரில் பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானாவும் யூ டர்னும் வைத்திருக்கிறார்கள். வண்டிகள் நிற்காமல் ஓடுகின்றன. காருக்கு நல்லது. நமக்குத்தான் இடைவெளியே கிடைக்காது. நான் அங்கெல்லாம் ஓரமாக இறங்கிவிடுவேன். இறங்கி உருட்டினால் நாமும் நடக்கிறவர்தான், ரோட்டைக் கடப்பவர்களோடு சேர்ந்து கடந்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். வலது பக்கம் திரும்புவதற்கும் இதே வழி: நேராகப் போய் அந்தப் பக்கத்து இடது ஓரத்தில் நின்று, வண்டியைத் திருப்பிக்கொண்டு கடப்பது. ஓடுகிற கார்களுக்கு நடுவே கையை நீட்டி வலது பக்கம் ஒதுங்கும் வீரம் புதிதாக ஓட்டுகிறவருக்குத் தேவையே இல்லை.

அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். சைக்கிளுக்கு அது வேண்டாம். களைத்தாலும் செயின் கழன்றாலும் நடுவில் இறங்கி நிற்க வாகான இடமில்லை, மேலே காற்றும் எச்சு. மழை நாளில் லங்கா கார்னர் மாதிரிப் பாலத்தடிகளையும் விட்டுவிடுங்கள். தேங்கிய தண்ணீருக்குள் என்ன பள்ளம் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது காற்று. நொய்யல் எப்படி மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறதோ அப்படித்தான் ஊரும் சரிகிறது. கண்ணுக்குத் தெரியாத சரிவு, காலுக்குத் தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்றும் சேர்ந்துகொள்ளும். உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று அது. வடவள்ளியிலிருந்து காலையில் கிழக்கே போகும்போது ராஜாதி ராஜன், பொழுதோட திரும்பும்போது சரிவும் காற்றும் எதிரே. சிங்காநல்லூரில் குடியிருந்து காந்திபுரத்தில் வேலை செய்பவருக்குக் காலையில் வேர்க்கும், மாலையில் வண்டி தானே வீட்டுக்குப் போகும். இதற்கு மருந்து, கியரை இறக்கி, வேகத்தை மறந்து, குனிந்து மெதுவாக மிதிப்பதுதான். ஆடிக்காற்றோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் இல்லை. அந்த மாதங்களில் நான் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடுவேன்.

சும்மா சந்தோஷத்துக்கு ஓட்டுவதென்றால் ரேஸ்கோர்ஸ் சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், விடியற்காலையில் நன்றாக இருக்கும். ஆனால் நடப்பவர்களுக்கான பாதையில் ஏறாதீர்கள், அது அவர்களுடையது. எனக்குப் பிடித்தது வீரகேரளம் வழியாகப் பேரூர். பட்டீசுவரரைக் கும்பிட்டு, நொய்யல் படித்துறை வரைக்கும் போய், ஒரு இளநீரோடு திரும்பினால் ஞாயிற்றுக்கிழமை உருப்படியாகக் கழிந்த மாதிரி.

பயந்தவர்

எங்கள் நங்கையாவுக்கு (என் வீட்டுக்காரரின் அக்கா) வயது ஐம்பத்தைந்து. சின்ன வயசில் ஓட்டிப் பழகவில்லை, பழக விடவும் இல்லை. அவரைப் பழக்கிய விதத்தையே சொல்கிறேன். அதற்குப் பிறகு வீதியில் மற்றவர்களுக்கும் இதே முறைதான்.

இடம் முக்கியம். கோவையைச் சுற்றிச் சைட் போட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை. தார் ரோடு போட்டு, கல் நட்டு, வீடு கட்டாமல் கிடக்கும். ஆள் நடமாட்டம் இல்லை, வேடிக்கை பார்க்கச் சொந்தம், ஒரம்பரை இல்லை. லேசான சரிவு உள்ள ரோடாகப் பிடியுங்கள்.

சீட்டை முழுவதும் இறக்கிவிட்டு, இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். 15 நம்பர் ஸ்பானர் வேண்டும். வலது பெடல் எல்லாரையும் போலக் கழலும், இடது பெடலின் மரை தலைகீழ். மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி. குழப்பமாக இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்தி மாட்டி, வண்டியின் பின்பக்கமாகத் திருப்பினால் எந்தப் பெடலும் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி மரையைக் கெடுத்த பெடல்கள் ஸ்டோருக்கு அடுத்த லேத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.

முதல் நாள் வண்டியில் ஏறவே கூடாது. வண்டிக்கு இடது பக்கம் நின்று உருட்டிக்கொண்டு நடந்து, நான் கையைத் தட்டும்போது இரண்டு பிரேக்கையும் பிடித்து நிற்க வேண்டும். எந்த லீவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று கண்ணால் பார்க்கட்டும். "இதென்னங்க, கன்னுக்குட்டி ஓட்டற மாதிரி" என்று நங்கையா சலித்துக்கொண்டார். ஆனால் திரும்பி வரும்போது கை தானாக லீவரைத் தேட ஆரம்பித்திருந்தது. அதுதான் வேண்டும்.

அப்புறம் சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலாலும் தரையை உந்தி நடப்பது. கால் தரையில் இருக்கிறது, விழ வழியில்லை. நடை எட்டு வைத்தல் ஆகும், எட்டு நீளமாகும், ஒரு கட்டத்தில் கால் இரண்டும் தானே மேலே தூக்கிக்கொள்ளும். வண்டி இரண்டு வண்டி நீளம் மிதந்து போகும். அப்போதும் நடுவில் "நிறுத்துங்க" என்று சொல்லிச் சொல்லி நிறுத்தச் செய்யுங்கள்.

கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது நம் ஊர் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வண்டி சாய்கிற பக்கமே ஹேண்டிலை லேசாகத் திருப்பினால்தான் வண்டி நிமிரும். பயந்தவர் எதிர்ப்பக்கம் இழுப்பார். பின்னால் ஒருவர் பிடித்திருந்தால் சாய்வையே உணர மாட்டார், அப்புறம் எங்கே கை பழகும்? அதோடு, "புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே விட்டுவிடுவதைப் போல நம்பிக்கைத் துரோகம் வேறில்லை. சின்னப் பிள்ளை மன்னித்துவிடும், பெரியவர் மறுநாள் வர மாட்டார்.

கண் முன் சக்கரத்தில் இருந்தால் வண்டி வளைந்து வளைந்து போகும். தூரத்தில் ஒரு வேப்பமரத்தைக் காட்டி அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மிதப்பது பழகிய பிறகு பெடலை மாட்டுங்கள். ஒரு பெடலை மேலே தூக்கிச் சற்று முன்பக்கமாக வைத்து, அதை அழுத்திக் கிளம்புவது. மற்றக் கால், தேடாமலே தானாகப் பெடலுக்கு வரும். இந்தக் கிளம்புதலுக்குத்தான் நாள் பிடிக்கும், அவசரப்படுத்த வேண்டாம். தைரியம் வந்த பிறகு சீட்டை விரற்கடை விரற்கடையாக உயர்த்துங்கள், அதுவும் அவரே கேட்கும்போது.

ரோட்டுக்கு வரும்போது துணைக்குப் போகிறவர் முன்னால் போகக் கூடாது. பின்னால், கொஞ்சம் வலப்பக்கமாகப் போக வேண்டும். பின்னால் வருகிற வண்டி முதலில் உங்களைப் பார்த்து ஒதுங்கும், உங்கள் குரலும் அவருக்குக் கேட்கும். குரல் என்றால் கத்தல் இல்லை. "பஸ்ஸு வருது, பஸ்ஸு!" என்று கத்தினால் பயந்தவர் திரும்பிப் பார்ப்பார், கையும் அந்தப் பக்கமே திரும்பும். என்ன வருகிறது என்று சொல்லாதீர்கள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்: "நேரா போங்க", "மெதுவா பிரேக்", "அந்த மரத்துக்குப் பக்கத்துல நிக்கலாமுங்க".

தார் ஓரத்தை ஒட்டி ஓட்டுவது பத்திரம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். இல்லை. ஓரத்தில்தான் மணலும் கண்ணாடித் துண்டும், தாரிலிருந்து மண்ணுக்கு இறங்கும் படியும். இரண்டடியாவது உள்ளே தள்ளி, நேர்க்கோட்டில் போனால் பின்னால் வருகிறவருக்கு நம் போக்கு புரியும். நிற்கும் கார்களைத் தாண்டும்போது கதவு திறக்கும் அகலம் விடுங்கள். ஸ்டாப்பில் நிற்கும் டவுன் பஸ்ஸின் இடது பக்கம் நுழையவே நுழையாதீர்கள், பின்னால் நின்று அது கிளம்பட்டும் என்று விடுங்கள்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பது வேலைக்காகாது. நிறுத்தி, இறங்கி, நாய்க்கும் நமக்கும் நடுவே வண்டியை வைத்துக்கொண்டு மெதுவாக உருட்டுங்கள். ஓடுகிற சக்கரம் நின்றதும் பெரும்பாலான நாய்களுக்கு ஆர்வம் போய்விடும். நங்கையாவுக்கு வடவள்ளியில் பெரிய பயம் இதுதான். ஒரு தடவை செய்து காட்டியதும் தெளிந்துவிட்டார்.

மற்றவை

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, அப்புறம் துணியால் துடைப்பது. அது சீக்கிரம் காயும், அடிக்கடி விட வேண்டும், பரவாயில்லை. பூட்டும்போது சக்கரத்தை மட்டும் பூட்டாமல் சட்டத்தையும் சேர்த்து ஒரு கம்பத்தோடு பூட்டுங்கள். பொழுது சாய்ந்தால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். முன்விளக்கு நாம் பார்க்க, பின்விளக்கு நம்மைப் பார்க்க; இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பின்விளக்கை வாங்குங்கள்.

சுமை எப்போதும் கேரியரில், தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாக. ஹேண்டிலில் பையை மாட்டினால் திருப்பும்போது அது ஒரு பக்கம் ஊசலாடும், முன் சக்கரத்திலும் சிக்கும். நங்கையா இப்போது வடவள்ளி உழவர் சந்தைக்குத் தனியாகவே போகிறார். கேரியரின் இரு பக்கமும் பை தைத்துக் கட்டியிருக்கிறார்: தேங்காய், பூசணி அடியில், சின்ன வெங்காயம் நடுவில், கீரை மேலே. வேகத்தடையில் ஏறும் முன் இறங்கி உருட்டுகிறார். முட்டை மட்டும் பக்கத்துக் கடையில் நடந்துபோய் வாங்கிக்கொள்கிறார்.